விளம்பர நிறுவனம் தவறாக நடந்தால், பணம் பெற்று வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவது எப்படி?

சிறிய தமிழ் இணையதளம் நடத்துகிறவருக்கு, பணம் தந்து கட்டுரை வெளியிடச் சொல்லும் முதல் நிறுவனம் வந்து சேரும் நாள் மகிழ்ச்சியான நாள். சர்வர் வாடகையையும் டொமைன் கட்டணத்தையும் கைக்காசிலிருந்தே கட்டிவந்தவருக்கு அது பெரிய ஆறுதல். அந்த நிறுவனம் பின்னாளில் தவறாக நடந்துகொண்டால் கட்டுரையை எப்படித் திரும்பப் பெறுவது என்று மட்டும் அன்றைக்கு யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. சிறுதானியச் சமையல் பற்றிய என் தளத்தில் அப்படியொரு கட்டுரையை எடுக்க வேண்டி வந்தபோது தட்டுத் தடுமாறித்தான் வழியைக் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படித் தடுமாற வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். இதில் வரும் சட்ட விவரங்கள் இந்தியாவிலிருந்து தளம் நடத்துகிறவர்களுக்கானவை.

எனக்கு நேர்ந்தது இது. சத்துமாவு விற்கும் ஒரு நிறுவனம் பணம் தந்தது. நான் ஐந்து கஞ்சிச் செய்முறைகளை எழுதி, அவர்களுடைய விற்பனைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தேன். கட்டுரையில் பொய் ஏதும் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு வாசகி எழுதினார்: "அக்கா, உங்க பக்கத்துல பார்த்துத்தான் அப்பாவுக்கு வாங்கினோம். நாப்பது நாள்ல சர்க்கரை போயிடும்னு போட்டிருந்துச்சு. அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு." லிங்கைத் திறந்து பார்த்தேன். மாவின் விலையும் எடையும் மட்டும் இருந்த இடத்தில் 'நீரிழிவுக்கு நிரந்தரத் தீர்வு' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்ட அந்தப் பெண்ணை, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம் என்று வாட்ஸ்ஆப்பில் மிரட்டியும் இருந்தார்கள். அலமாரியில் கிடந்த மாதிரிப் பொட்டலத்தை எடுத்து, பின்புறத்தில் அச்சிட்டிருந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை விரல் வைத்து எண்ணினேன். 14 இலக்கங்கள் இருக்க வேண்டும். 13 தான் இருந்தன. கட்டுரை எழுதுவதற்கு முன்பே எண்ணியிருக்க வேண்டிய எண் அது.

முதல் வேலை: ஆதாரம் சேர்த்தல்

கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது கட்டுரையை அழிப்பது. அதைச் செய்யாதீர்கள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுவதும் அப்போது வேண்டாம், ஏனெனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர்கள் பக்கத்தை மாற்றிவிடுவார்கள்.

உங்கள் கட்டுரையை, அதில் இருந்த விளம்பர அடையாளமும் லிங்குகளும் தெரியும்படி, முழுப் பக்கமாக பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். நிறுவனத்தின் பக்கத்தையும், முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே பக்கத்தை, இணையப் பக்கங்களின் பிரதிகளைத் தேதியோடு சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் சேமிக்கச் செய்யுங்கள். பக்கத்தின் பழைய பிரதி அங்கே ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது. கட்டுரை வெளியான நாளில் இல்லாத வாசகம் பிறகு நுழைந்தது என்பதைக் காட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஒப்பந்தம், மின்னஞ்சல்கள், இன்வாய்ஸ், வங்கியில் பணம் வந்த பதிவு, வாட்ஸ்ஆப் உரையாடலின் எக்ஸ்போர்ட் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். வாசகர் அனுப்பிய செய்தியை எங்கும் வெளியிடக் கூடாது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

விவகாரம் நீதிமன்றம் வரை போனால், மின்னணுப் பதிவுகளுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்ட உதவும் குறியீடு) கேட்கப்படும். ஆகவே சேமித்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 என்ற வகை ஹேஷ் மதிப்பை எடுத்துக் குறித்துவைப்பது நல்லது. கணினியில் ஒரு நிமிட வேலைதான்.

அதே நாளில்: நிறுத்திவைத்தல்

நிறுத்திவைப்பது வேறு, திரும்பப் பெறுவது வேறு. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். கிரிப்டோ நிறுவனம் சரிந்தபோது, அதன் பெயரைத் தாங்கி ஓடிய மெர்சிடிஸ் ஃபார்முலா 1 அணி, முதல் நடவடிக்கையாக ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்து, பிரேசில் பந்தயத்திலேயே கார்களிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டது. இறுதி முடிவுக்குக் காத்திருக்காமல், கேடு பரவுவதை மட்டும் உடனே நிறுத்திய அந்த முறை நமக்கும் பொருந்தும்.

எனவே முதலில் விற்பனைப் பக்கத்துக்குப் போகும் லிங்குகளை எடுத்துவிடுங்கள். கட்டுரையின் தலையில், 'இக்கட்டுரை குறிப்பிடும் பொருளைப் பற்றிப் புகார் வந்துள்ளது, விசாரித்து வருகிறோம்' என்று இரண்டு வரி போடுங்கள். உடல்நலம் அல்லது வாசகரின் சேமிப்புப் பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் கட்டுரையின் உடலையும் மறைத்துவிட்டு அந்த இரண்டு வரியை மட்டும் விடுங்கள். இதற்கு நிறுவனத்தின் சம்மதம் வேண்டியதில்லை.

தவறு எந்த வகை என்று பிரித்துப் பார்த்தல்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. நான் மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதலாவது, விளம்பரமே சட்டத்துக்குப் புறம்பாகிவிடும் நிலை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், 1954, அட்டவணையிலுள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களின் வெளியீட்டில் எந்த வகையிலும் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. நீரிழிவு அந்த அட்டவணையில் இருக்கிறது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உணவுப் பொருளைத் தவறாக வர்ணிக்கும் விளம்பரத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அந்த வெளியீட்டில் பங்குகொண்டவரையும் அது விட்டுவைப்பதில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடைசெய்து 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. இந்த வகையில் யோசிக்க எதுவுமில்லை. அன்றே கட்டுரையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், விளக்கம் கேட்பதெல்லாம் அதன் பிறகுதான்.

இரண்டாவது, கட்டுரை சரியாக இருந்தும் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் தவறாக நடப்பது. இது வெளியே தெரியாமலேயே நெடுநாள் நடக்கும். இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தைப் பல யூடியூபர்கள் பணம் பெற்றுப் பரிந்துரைத்துவந்தார்கள். ரகசியம் காப்போம் என்று வாக்களித்துவிட்டு, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரியையும் உடல்நலத் தகவல்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்துகொண்டது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 மார்ச்சில் அந்நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. நிறுவனம் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பரிந்துரைத்தவர்களின் வார்த்தைகளை எத்தனை முறை படித்தாலும் இந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது. இந்த வகையில் விளக்கம் கேட்டு, ஏழு நாள் கெடு கொடுத்து, பதிலைப் பார்த்து முடிவெடுப்பது நியாயம்.

மூன்றாவது, முதலாளி எங்கோ பேசிய பேச்சு நமக்குப் பிடிக்காமல் போவது. வாசகருக்கு அதனால் நேரடித் தீங்கு இல்லை என்றால், ஒப்பந்தக் காலம் முடியும்வரை காத்திருந்து புதுப்பிக்காமல் விடுவதே நேர்மை என்பது என் கருத்து. மனச்சாட்சி இடம் தரவில்லை என்றால் தாராளமாக எடுத்துவிடலாம். அப்போது முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது எங்கள் சொந்த முடிவு என்று சொல்லிவிட வேண்டும். பணத்தையும் வைத்துக்கொண்டு கொள்கையும் பேசக் கூடாது.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

திரும்பப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன்படி நடங்கள். நம்மில் பலருக்கு ஒப்பந்தம் என்று இருப்பது நான்கு மின்னஞ்சல்களும் ஒரு ஜிபே ரசீதும்தான். அதுவும் ஒப்பந்தமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்போது கைகொடுக்கும். தவறான தகவல் தந்து பெற்ற சம்மதத்தால் உண்டான ஒப்பந்தத்தை, ஏமாந்த தரப்பு ரத்து செய்யலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. இல்லாத உரிமத்தை இருப்பதாகக் காட்டியது இதில் அடங்கும். சட்டம் தடுத்த நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23-ஆம் பிரிவு. ரத்து செய்கிறவர் தாம் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 64-ஆம் பிரிவு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

'ஓராண்டுக்குள் நீக்கினால் இரண்டு லட்சம் தர வேண்டும்' என்பது போன்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பயந்துவிட வேண்டாம். 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரச் சொல்லும். ஆனாலும் இப்படி ஒரு வரி இருந்தால் கடிதம் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

நிறுவனத்துக்குக் கடிதம்

மின்னஞ்சலில் அனுப்புங்கள், தொகை பெரிதென்றால் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். மூன்று பத்தி போதும். என்ன கண்டோம், எந்த நாளில் கண்டோம். என்ன கேட்கிறோம், எந்த நாளுக்குள். அதுவரை என்ன செய்திருக்கிறோம். நான் அனுப்பியதன் நடுப்பகுதியை அப்படியே தருகிறேன்:

"தங்கள் விற்பனைப் பக்கத்தில் 'நீரிழிவுக்கு நிரந்தரத் தீர்வு' என்ற வாசகம் இருப்பதை இன்று காலை 10 மணிக்குக் கண்டோம். கட்டுரை வெளியான நாளில் இவ்வாசகம் இல்லை. இதற்கான ஆதாரத்தையும், பொட்டலத்தில் அச்சிட்டுள்ள உரிம எண் பற்றிய விளக்கத்தையும் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதுவரை கட்டுரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது."

'மோசடி', 'ஏமாற்றுக்காரர்கள்' என்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தொலைபேசியில் அழைத்து, "மேடம், அதெல்லாம் எங்க டிசைனர் பண்ணின தப்பு, கட்டுரையை மட்டும் திரும்பப் போட்டுடுங்க" என்று பேசுவார்கள். எனக்கும் பேசினார்கள். அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னேன், வரவில்லை.

வாசகருக்கு அறிவிப்பு

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். கட்டுரையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால், இனி வருகிறவர்கள் தப்பிப்பார்கள். ஏற்கெனவே படித்து, நம்பி, வாங்கி, இன்றும் காலையில் அந்த மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவருக்குத்தான் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர் மறுபடி வருவது அதே முகவரிக்கு: புக்மார்க்கிலிருந்தோ, அண்ணன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பழைய லிங்கிலிருந்தோ. ஆகவே அந்த முகவரி உயிரோடு இருக்க வேண்டும், அங்கே அறிவிப்பு இருக்க வேண்டும். முகவரியை முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்வதும் தவறு. வந்தவர் ஏதோ கோளாறு என்று நினைத்துப் போய்விடுவார்.

அமெரிக்காவின் தி அட்லாண்டிக் இதழ் 2013 ஜனவரி 14 அன்று, சயன்டாலஜி என்ற சர்ச்சைக்குரிய மத அமைப்பிடம் பணம் பெற்ற கட்டுரை ஒன்றைத் தன் தளத்தில் வெளியிட்டுக் கடும் கண்டனத்துக்கு ஆளானது. அன்றிரவே அதை எடுத்தபோது அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. விளம்பரக் கொள்கையை மறுபரிசீலனை செய்யும்வரை இந்த விளம்பரத்தை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று அறிவித்தது. மறுநாள் தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அங்கே பிழை விளம்பரதாரரைவிட இதழின் தீர்மானத்தில்தான் அதிகம் இருந்தது. ஆனாலும் எடுத்த விதத்தை நாம் கற்றுக்கொள்ளலாம்.

அறிவிப்பில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: இங்கே இருந்தது விளம்பரக் கட்டுரை என்பது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை இருந்தது என்பது, நாம் நேரில் கண்டது என்ன என்பது, நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பது, வாங்கியவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது. என் தளத்தில் கெடு முடிந்த மறுநாள் இப்படி எழுதினேன்:

"இம்முகவரியில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இருந்தது, சத்துமாவு நிறுவனம் ஒன்றிடம் பணம் பெற்று நாங்கள் வெளியிட்ட கட்டுரை. நாங்கள் லிங்க் கொடுத்த விற்பனைப் பக்கத்தில், மாவு நீரிழிவைத் தீர்க்கும் என்ற வாசகம் பின்னர் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டோம். ஆதாரம் கேட்டோம், ஏழு நாட்களில் எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். இதைப் படித்து மாவு வாங்கியவர்கள் யாரேனும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். வெளியிடும் முன் உரிம எண்ணை நாங்கள் சரிபார்க்கவில்லை; அது எங்கள் தவறு."

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஃபோல்டரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். அவதூறு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பொதுநலனுக்காக உண்மையைச் சொல்வது அதில் விலக்குப் பெறும். ஆனால் உண்மை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 'கண்டோம்', 'கேட்டோம்', 'பதில் வரவில்லை' என்ற வினைகளுக்குள் நின்றால் நிரூபிப்பது எளிது. அவர்களுடைய எண்ணத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடினம்.

மிச்சம் மீதி இருக்கும் இடங்கள்

கட்டுரை ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகள், யூடியூப் விவரக்குறிப்பு, ஷெட்யூல் செய்துவைத்த மறுபதிவுகள், மற்றக் கட்டுரைகளுக்குள்ளிருந்து கொடுத்த லிங்குகள், பக்கவாட்டு பேனர் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிய செய்தியைச் சில நாள் கடந்தபின் எல்லோரிடமிருந்தும் அழிக்க முடியாது. அங்கே அறிவிப்பின் லிங்கைப் புதிதாக அனுப்புவதே வழி. கூகுள் தேடலில் பழைய சுருக்கம் தெரிந்துகொண்டிருந்தால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோலில் அதே முகவரியை மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். அங்குள்ள ரிமூவல்ஸ் வசதியில் முகவரியையே மறைத்துவிடாதீர்கள். சுமார் ஆறு மாதம் உங்கள் அறிவிப்பும் தேடலில் வராமல் போய்விடும்.

பணம்

ஓராண்டுக்கு வாங்கிய தொகையில், கட்டுரை இல்லாத மாதங்களுக்கான பங்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு முன் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் நோட்டீஸின் பாதி வலு போய்விடுகிறது. மீதித் தொகையை என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். வாங்கிய கணக்குக்கே வங்கி வழியாக அனுப்புங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட வேண்டும். சேவை தந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அது கணக்கில் வந்தாக வேண்டும் என்பதால் ஆடிட்டரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

புகார்

வாங்கியவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தவறான விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ யாரும் எழுதலாம், நீங்களும் எழுதலாம். எழுதுவது உங்களுக்கும் பாதுகாப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 21-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்தை வெளியிட்டவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. வழக்கமான தொழிலின் ஊடே வெளியிட்டேன் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் அந்த விளம்பரத்தைத் திரும்பப் பெறச் சொல்லி ஆணையம் உத்தரவிட்டது தெரிந்திருந்தும் விட்டுவைத்தவருக்கு அந்த வாதம் கிடையாது. 'நான் சாப்பிட்டுப் பார்த்தேன், நல்லது' என்று உங்கள் குரலில் எழுதியிருந்தால் நீங்கள் பரிந்துரைத்தவராகவும் ஆகிறீர்கள். அப்போது உரிய முறையில் சரிபார்த்தேன் என்று காட்டினால்தான் தப்ப முடியும்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்

உணவுப் பொருளென்றால் 14 இலக்க எண்ணை வாங்கி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-இன் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பொருந்த வேண்டும். லிங்க் கொடுத்த பக்கத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒப்பந்தத்தில் இந்த வரியைச் சேருங்கள்: "விளம்பரதாரரின் பொருளோ, விற்பனைப் பக்கமோ, வாடிக்கையாளரை நடத்தும் விதமோ வாசகருக்குத் தீங்கு தரக்கூடியது என்று தள உரிமையாளர் நியாயமாகக் கருதினால், கட்டுரையை உடனே நிறுத்திவைக்கவும், காரணத்தை வாசகருக்கு அறிவிக்கவும், மீதிக் காலத்துக்குரிய தொகையைத் திருப்பித் தந்து கட்டுரையைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு." அறிவிக்கும் உரிமை அதில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதைக் காட்டியதும் விலகிப்போன நிறுவனங்கள் இரண்டு உண்டு. தயங்காமல் கையெழுத்திட்டவர்களும் உண்டு.

அறிவிப்புப் பக்கத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்பார்கள். அந்தப் பொருள் விற்பனையில் இருக்கும்வரையாவது வையுங்கள். என் தளத்தில் அந்த அறிவிப்பு இன்னும் இருக்கிறது. மாவின் பெயரோடு 'சர்க்கரை குறையுமா' என்று சேர்த்துத் தேடி இன்றைக்கும் ஆட்கள் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.